குவளையில் படம் மங்கினால் குற்றம் யாருடையது?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி உணவகத்தில் மீ சியாம் விற்றுவந்த ஆன்ட்டி ஓய்வு பெற்றார். என் வகுப்பு மாணவர்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்து ஆறு வெள்ளைக் குவளைகள் வாங்கினார்கள். அவருடன் எடுத்த படத்தைத் தாங்களே அவற்றில் பதித்துக் கொடுப்பது என்று திட்டம். முதல் குவளையில் எல்லா முகங்களும் வெளிறிப்போயின. அடுத்ததைக் கூடுதல் நேரம் சூடாக்கினோம். நிறம் நன்றாக வந்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூக்கு! “மை சரியில்லை சார்” என்றான் ஒருவன். “குவளைதான் மட்டம்” என்றாள் இன்னொருத்தி. கையில் நான்கு குவளைகள்தான் மிச்சம்.

குற்றம் யாருடையது? அதைக் கண்டுபிடிக்க, படம் எப்படிக் குவளையில் ஏறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

திடப்பொருள் திரவமாகாமல் நேரடியாக வாயுவாவதைப் பதங்கமாதல் என்று படித்திருப்பீர்கள். அலமாரியில் வைத்த அந்துருண்டை நாளுக்கு நாள் சிறுத்துப்போவதும், டப்பாவில் மூடாமல் விட்ட சூடம் கரைந்து காணாமல் போவதும் அதனால்தான். (கோயிலில் சூடம் ஏற்றும்போது நடப்பது எரிதல். அது வேறு.)

குவளை அச்சிலும் இதுதான் அடிப்படை. சிறப்புச் சாயம் கலந்த மையால் படத்தை முதலில் தாளில் அச்சிடுகிறோம். அதைக் குவளையில் சுற்றி ஒட்டி, ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சில நிமிடங்கள் அழுத்திச் சூடாக்குகிறோம். சாயம் வாயுவாகிறது. குவளையின் மேல் பூசப்பட்டிருக்கும் பாலியெஸ்டர் போன்ற பாலிமர் படலம் அந்தச் சூட்டில் இளகி, அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே இடம் உண்டாகிறது. சாய வாயு அதற்குள் நுழைகிறது. ஆறியதும் படலம் இறுகி, சாயம் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் விரலால் தடவினாலும் படம் தட்டுப்படுவதில்லை. வீட்டிலுள்ள சாதாரணப் பீங்கான் குவளையில் இந்தப் படலம் இல்லை. எவ்வளவு சூடாக்கினாலும் படம் அதில் நிலைக்காது.

இனி, குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெளிறிய படம்: சூடோ நேரமோ அழுத்தமோ போதவில்லை. பீங்கான் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். கருவிக்குள் குளிர்ந்த குவளையை வைத்தவுடன் கருவியின் வெப்பநிலையே இறங்கிவிடும். நாங்கள் அந்த நொடியிலிருந்தே நேரத்தை எண்ணத் தொடங்கினோம். வெப்பநிலை மீண்டும் ஏறிய பிறகுதான் எண்ணியிருக்க வேண்டும். கைப்பிடிக்கு அருகில் மட்டும் வெளிறியிருந்தால், அங்கே அழுத்தம் சரியாகப் படவில்லை என்று பொருள். ஒன்றை மறக்காதீர்கள்: தாளில் இருக்கும்போது படம் எப்போதும் மங்கலாகத்தான் தெரியும். சூடு பட்ட பிறகே உண்மை நிறம் வரும்.

இரட்டை உருவம்: தாள் நகர்ந்துவிட்டது. கருவியிலிருந்து எடுத்த பிறகும் குவளை சூடாகவே இருப்பதால் சாயம் தொடர்ந்து வாயுவாகிறது. அப்போது தாள் சற்று விலகினாலும் பக்கத்தில் இன்னொரு நிழல் விழும். நாங்கள் தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே வெப்பம் தாங்கும் நாடாவை ஒட்டியிருந்தோம்.

திட்டுத் திட்டான நிறம்: மூன்றாவது குவளையில் தாளை இறுக்கமாக ஒட்டினோம். இரட்டை மூக்கு மறைந்தது. ஆனால் வானத்தில் வெளிறிய திட்டுகள். காரணம் சிங்கப்பூர்க் காற்று! இங்கே ஈரப்பதம் அதிகாலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்கூட 60 விழுக்காடு அளவுக்கு இருக்கும். திறந்து வைத்த தாள் இரவு முழுவதும் ஈரத்தை உறிஞ்சியிருந்தது. நீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு ஆயிரம் மடங்குக்கும் மேல் பெருகும். அந்த நீராவி தாளுக்கும் குவளைக்கும் நடுவே புகுந்து சாயத்தின் வழியை மறிக்கிறது. தாளை மூடிய பையில் வையுங்கள். ஒட்டுவதற்கு முன் சில நொடிகள் சூடுகாட்டி உலர்த்துங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பசையும் தூசியும்கூடப் புள்ளிகளை உண்டாக்கும். குவளையைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஓரம் கலங்கி, நிறம் பழுப்பேறுதல்: சூடு மிகுந்துவிட்டது. சாயம் தேவைக்கு மேல் பரவிவிடுகிறது. படலமும் மஞ்சளாகலாம்.

கோடு கோடாகவோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால் சூட்டைக் குறை சொல்லாதீர்கள். தாளிலேயே கோடு இருந்தால் அச்சு இயந்திரத்தின் மைத்துளை அடைத்திருக்கிறது. கட்டங்கள் தெரிந்தால் மூலப் படமே போதாது. குவளையைச் சுற்றி 20 சென்டிமீட்டர் அகலத்தில் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 2,400 பிக்சல் வேண்டும். குறுஞ்செய்திச் செயலி வழி வந்த படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும். எழுத்து தலைகீழ் இடவலமாக வந்தால், கண்ணாடி பிம்பமாக அச்சிட மறந்துவிட்டீர்கள்!

ஆகவே, முதல் கேள்வி இதுதான்: குறை தாளிலேயே இருந்ததா, சூடாக்கிய பிறகு வந்ததா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சந்தேகங்கள் விலகிவிடும். பிறகு, ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நேரம், நாடா, தாள் மூன்றையும் ஒன்றாக மாற்றியிருந்தால், எது பலன் தந்தது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆய்வுக்கூடத்தில் மற்ற மாறிகளை மாறாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். வெப்பக் கையுறையும் காற்றோட்டமுள்ள அறையும் கட்டாயம் வேண்டும்.

நான்காவது குவளைக்கு உலர்த்திய தாள். முகங்கள் தெளிவாக வந்தன. மையும் நல்ல மை, குவளையும் நல்ல குவளை! மீதமிருந்த இரண்டையும் அதே முறையில் அச்சிட்டு, மூன்றையும் ஆன்ட்டியிடம் கொடுத்தோம். கெட்டுப்போன மூன்றும் என் மேசையில் இருக்கின்றன. புதிய வகுப்பு வரும்போது அவற்றைக் காட்டி, “குறை எங்கே?” என்று கேட்பேன்.