கூட்டு சேர்ந்தால்தான் சத்து!

குட்டீஸ், திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போயிருக்கிறீர்களா? மயில்கள் உலாவும் அந்த ஆசிரமத்தில், மதியம் உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறு, சாம்பார், காய், ரசம், மோர் என்று எல்லாமே சைவம்.

'மீன், முட்டை இல்லாமல் சத்து கிடைக்குமா?' என்று கேட்கிறீர்களா? கிடைக்கும். ஆனால், ஒரு நிபந்தனை. காயையும் கீரையையும் ஓரமாக ஒதுக்கக் கூடாது!

ரமண மகரிஷி 1896ல், 16 வயதில் இந்த ஊருக்கு வந்தவர். உலகமே தேடி வந்த பிறகும், விடியற்காலையில் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்குவார். கீழே சிந்திய அரிசியைக் கூட வீணாக்க விடமாட்டார். ஒருமுறை, அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்ட தன் அம்மா அழகம்மாளுக்காக, 'அப்பளப் பாட்டு' எழுதினார். அதில் உளுந்து, பிரண்டை, மிளகு, சீரகம் எல்லாம் வருகின்றன. ஒரு அப்பளத்துக்கே இத்தனை கூட்டாளிகள்! சாப்பாட்டின் ரகசியமும் இந்தக் கூட்டுதான்.

சோறும் பருப்பும்: நாம் வளரப் புரதம் வேண்டும். அரிசிப் புரதத்தில் 'லைசின்' குறைவு; பருப்பில் அது அதிகம். பருப்பில் குறைவான 'மெத்தியோனின்' அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. இட்லி, பொங்கலில் நடப்பதும் இதுதான்.

கீரையும் எலுமிச்சையும்: கீரை, காராமணியில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் எடுத்துக் கொள்ளாது. வைட்டமின் 'சி' துணைக்கு வந்தால் நன்றாக எடுத்துக் கொள்ளும். அதனால் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கொள்ளுங்கள். சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். அவை இரும்பைத் தடுத்துவிடும்.

கேழ்வரகும் மோரும்: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும். ரத்தத்துக்கும் நரம்புக்கும் தேவையான வைட்டமின் 'பி12' செடி, கொடிகளில் கிடைக்காது. பால், தயிர், மோரில் கிடைக்கும். பாலே சாப்பிடாதவர்கள், டாக்டரிடம் கேட்டு அதற்கான மாத்திரை எடுத்துக் கொள்ள வேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. சைவம், அசைவம் எல்லோரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ரத்தசோகை வந்தால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். பாடத்திலும் மனம் நிற்காது. இப்படி இருந்தால் மறைக்காமல் அம்மாவிடம் சொல்லுங்கள்.

என்ன குட்டீஸ், நாளை மதியம் டிபன் பாக்சைத் திறந்ததும் கீரையை ஒதுக்குவீர்களா, கூட்டு சேர்ப்பீர்களா?