முட்டை வடிவத்தைச் சாணை பிடிப்பது எப்படி?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணம். எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் கேம் தண்டு பாதி வேகத்தில், அதாவது 800 முறை சுழலும். ஆகவே, இப்பயணத்தில் ஒவ்வொரு வால்வும் 36,000 முறை திறந்து மூடுகிறது!

வால்வைத் திறக்கச் செய்வது கேம் தண்டிலுள்ள முட்டை வடிவ மேடு. அது சற்றே பிசகினாலும் வால்வு காலந்தவறித் திறக்கும். புகை மிகும், டீசல் வீணாகும்.

உருண்டைத் தண்டைத் தீட்டச் சாணைச் சக்கரத்தை ஒரே தூரத்தில் நிறுத்தினால் போதும். முட்டை வடிவத்துக்கோ, தண்டு சுழலச் சுழலச் சக்கரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். முன்பெல்லாம் ஒரு மாதிரிக் கேமின் மேடுபள்ளத்தைப் பின்பற்றி எந்திரம் படியெடுத்தது. மாதிரி தேய்ந்தால் பிழையும் படியாகிவிடும்.

இன்று அந்த மாதிரி, எந்தக் கோணத்தில் எவ்வளவு உயரம் என்ற எண்களின் பட்டியலாகக் கணிப்பொறியில் இருக்கிறது. எண்கள் தேய்வதில்லை, ஆனால் சாணைச் சக்கரம் தேய்கிறது. அதன் ஆரம் குறைந்தால் மேட்டைத் தொடும் இடமும் மாறும். எனவே கணிப்பொறி புதிய ஆரத்தைக்கொண்டு பாதையை மீண்டும் கணக்கிடுகிறது. மேட்டின் சரிவில் தொடுமிடம் விரைந்து நகரும். அங்கே தண்டை மெதுவாகச் சுழற்றி, சூட்டால் உலோகம் கருகாமல் காக்கிறது.

இரு வளைகோடுகள் தொடுமிடத்தில் இரண்டுக்கும் தொடுகோடு ஒன்றே. மாணவர்களே, வகுப்பில் நீங்கள் படிக்கும் இவ்வுண்மையே இக்கணக்கின் அடிப்படை.