மொய்க்காரர் வரும் முன்னே திறந்த நோட்டு

பண்பொழியில் குற்றாலம் சீசனை நம்பி அறைகள் வாடகைக்கு விடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இணையதளம் செய்து தந்தவர் இரண்டு துண்டு நிரலைக் கொடுத்து, இதை ஒட்டினால் வாடிக்கையாளர் மனசே தெரிந்துவிடும் என்கிறார். உண்மையா?"

மனசு தெரியாது. யாரோ உங்கள் ஃபோன் எண்ணைத் தொட்டார் என்பது தெரியும். பேசினாரா, அறை எடுத்தாரா என்பதெல்லாம் அந்த நிரலின் கண்ணுக்கு எட்டாதவை. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களில் பலர் கணக்கிலேயே வரமாட்டார்கள். இதைச் சொல்லாமல் விற்கிறவரை நம்பாதீர்கள்.

அவர் கொடுத்தது கூகுள் டேக் மேனேஜர் நிரல். முதல் துண்டு பக்கத்தின் தலைப்பகுதியில், முடிந்தவரை மேலே. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத உலாவிகளுக்கான இரண்டாவது துண்டு, உடற்பகுதி தொடங்கியதும். இரண்டும் வெறும் பெட்டிதான். எது நடந்தால் எந்த வேலை நடக்க வேண்டும் என்று உள்ளே நிரப்புவது நம் பொறுப்பு. நடப்பது ட்ரிக்கர், செய்யும் வேலை டேக்.

வரலாறு சுருக்கமாக: 1994இல் நெட்ஸ்கேப்பின் லூ மான்டுலி, உலாவியில் சிறு தகவலைச் சேமித்துவைக்கும் குக்கியைக் கொண்டுவந்தார். 2005இல் அர்ச்சின் நிறுவனத்தை வாங்கிய கூகுள், அதிலிருந்து தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸை உருவாக்கியது. பக்கங்களில் இப்படிப்பட்ட நிரல்கள் பெருகிப்போக, 2012 அக்டோபரில் டேக் மேனேஜர் வந்தது.

என்னை மயக்கியது வேறு. கூகுளிடமிருந்து வரவேண்டிய பெரிய நிரல் வந்து சேரச் சற்று நேரமாகும். பக்கம் அதற்காகக் காத்திருக்காது. அதற்குள் ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டால்? அந்தத் தகவல் தொலைவதில்லை. காரணம், டேட்டாலேயர் என்ற எளிய பட்டியல்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மொய் எழுதுபவர் இன்னும் வரவில்லை. மேசையில் நோட்டு மட்டும் திறந்திருக்கிறது. முதல் பஸ்ஸில் வந்த செங்கோட்டைக்காரர்கள் ஊர், பேர், தொகையைத் தாங்களே எழுதிவிட்டுப் பந்திக்குப் போகிறார்கள். மொய்க்காரர் வந்ததும் முதல் வரியிலிருந்து ஒன்றுவிடாமல் படிக்கிறார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார். அடுத்து விழும் ஒவ்வொரு வரியும் அந்தக் கணமே அவர் கண்ணில் படுகிறது. பட்டியலில் வரி சேர்க்கும் 'புஷ்' என்ற செயலையே டேக் மேனேஜர் தன்னுடையதாக மாற்றிவைப்பதால் இது நடக்கிறது. எழுதுபவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. முன்பு காகிதம் மட்டும் இருந்தது, இப்போது காதும் இருக்கிறது. மொய்க்காரர் மடியில் ஒரு சீட்டு: "ஐயாயிரத்துக்கு மேல் எழுதினால் தாய்மாமனிடம் சொல்." தொகை ட்ரிக்கர், போய்ச் சொல்வது டேக்.

நிரலில் ஒரு நுணுக்கம்: நோட்டு ஏற்கெனவே இருந்தால் அதையே எடு, இல்லாவிட்டால் மட்டும் புதிது போடு என்று எழுத வேண்டும். பக்கத்தின் நடுவே யாராவது வெறுமனே 'புதிய பட்டியல்' என்று எழுதிவிட்டால், மொய்க்காரர் பழைய நோட்டோடு ஒரு மூலையில் இருப்பார். விருந்தாளிகள் வேறு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு மட்டும் நின்றுபோகும். பழைய அனலிட்டிக்ஸ் நிரலை எடுக்காமல் டேக் மேனேஜர் வழியாகவும் அதையே போட்டால் இன்னொரு கோளாறு: ஒரே மொய்யை இரண்டு பேர் எழுதுவார்கள், வருகை இரட்டிப்பாகத் தெரியும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்த நோட்டை வேறு யார் படிக்கிறார்கள்? டேக்குகளில் பல, வெளி நிறுவனங்களுக்குத் தகவல் கொண்டுபோகிறவை. உங்கள் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோ, 2020இல் தன் இணையதளங்களிலிருந்து மூன்றாம் தரப்புக் கண்காணிப்பு நிரல்களை நீக்கிவிட்டதாக அறிவித்தது. வாடிக்கையாளரை அறிவதும் அவரை வெளியாளிடம் காட்டிக்கொடுப்பதும் வேறு வேறு என்று நானும் உறுதியாக நம்புகிறேன். 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை வலியுறுத்துகிறது.

ஆகவே, டேக் மேனேஜர் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். அதில் வெளியிடும் அனுமதி உள்ளவர் உங்கள் பக்கத்தில் எந்த நிரலையும் ஓடவிட முடியும். முதலில் ஒரே ஒரு டேக் போதும்: ஃபோன் எண்ணைத் தொடுதல். ஜூனில் சாரல் தொடங்கும் முன், டேக் மேனேஜரின் சோதனை முறையான ப்ரிவ்யூவைத் திறந்து நீங்களே எண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஒரு தொடுதலுக்கு ஒரே வரி விழுந்தால் வெளியிடுங்கள். இரண்டு விழுந்தால் ஏதோ ஒன்று இருமுறை ஓடுகிறது, தேடி எடுங்கள்.