பிஸ்டன் ரிங் மாட்டுவது எப்படி? (நான் தப்பா மாட்டின கதையோட)

இரண்டாம் வருஷ லீவுல ஒரு மாசம் மாமாவோட ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்தேன். ஸ்கூல் ட்ரிப் அடிக்கிற ஒரு ஆம்னி வேன் வந்தது. "ஆயில் குடிக்குதுப்பா" என்றார் டிரைவர் அண்ணன். மாருதி 800-ல இருந்த அதே 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின்தான். இறக்கிப் பார்த்தோம், ரிங் தேய்ஞ்சிருந்தது. புது ரிங் மாட்டும் வேலையை மாமா என்கிட்ட கொடுத்தார். தெர்மல் பேப்பர்ல நல்ல மார்க் எடுத்தவன் இல்லையா, நம்பிக்கையோட உட்கார்ந்தேன். ஒரு வாரத்துல வண்டி நீலப் புகையோட திரும்பி வந்தது. எங்கே தப்பு நடந்தது என்பதை வேலையோட வரிசையிலேயே சொல்றேன்.

மூணு ரிங், மூணு வேலை

மேல் ரிங் எரிந்த வாயுவை அடைக்கும். அதோட சொந்த ஸ்பிரிங் விசை ரொம்பக் குறைவு. எரியும்போது வாயு, பிஸ்டன் பள்ளத்துக்குள்ள போய் ரிங்கின் முதுகுல இருந்து தள்ளும். அந்த அழுத்தம்தான் அதைச் சிலிண்டர் சுவரோட ஒட்ட வைக்குது. பள்ளத்துல கரி அடைச்சிருந்தா ரிங் நகராது, வாயுவும் பின்னால போகாது. அதனால முதல் வேலை, பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்றது.

இரண்டாவது ரிங் பாதி வாயுவுக்கு, பாதி ஆயிலுக்கு. பெரும்பாலும் இதோட முகம் லேசாகச் சரிவா இருக்கும். பிஸ்டன் மேலே போகும்போது ஆயில் படலத்து மேல வழுக்கிப் போகும்; கீழே வரும்போது கூர்மையான கீழ் விளிம்பு ஆயிலை வழிச்சுக் கீழே தள்ளும். மூணாவது ஆயில் ரிங். நடுவுல வளைவு வளைவா ஒரு எக்ஸ்பாண்டர், மேலேயும் கீழேயும் மெல்லிய தகடு.

கேப் எதுக்கு?

ரிங்கைப் பிஸ்டன்ல மாட்டுறதுக்கு முன்னாடி வெறும் சிலிண்டருக்குள்ள வெச்சு அளக்கணும். பிஸ்டனைத் தலைகீழா விட்டு ரிங்கை நேராத் தள்ளுங்க. சாய்ஞ்சிருந்தா அளவு பொய். ரீபோர் பண்ணாத பழைய சிலிண்டர்னா, தேயாத அடிப்பகுதியில அளங்க. அப்புறம் இரண்டு முனைக்கும் நடுவுல ஃபீலர் கேஜ்.

ஒரு கணக்கு போடுவோம். இந்த இன்ஜினோட போர் 68.5 மி.மீ. சுற்றளவு சுமார் 215 மி.மீ. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு, தன் நீளத்துல பத்து லட்சத்துல சுமார் 11 பங்கு விரியும். சிலிண்டர் சுவரைவிட ரிங் 100 டிகிரி அதிகச் சூடானா, 215 × 0.000011 × 100 = கிட்டத்தட்ட 0.24 மி.மீ. அவ்வளவு இடம் இல்லைன்னா முனைகள் ஒண்ணோட ஒண்ணு முட்டி, ரிங் சுவரைக் கீறும், இல்லைன்னா உடையும். ஒர்க்‌ஷாப்ல சொல்ற 'ஒரு இன்ச் போருக்கு நாலு தௌ' கணக்குப்படி பார்த்தாலும் 0.27 மி.மீ. வருது! ஆனா கடைசி வார்த்தை மேனுவலோடதுதான்.

கேப் குறைவா இருந்தா முனையை அரத்தால தேய்க்கலாம், வெளிப்பக்கத்துல இருந்து உள்பக்கமா மட்டும். அப்புறம் பிசிரை எடுத்துடுங்க. ஒரு சிலிண்டர்ல அளந்த ரிங் அதே சிலிண்டருக்குத்தான்.

மாட்டும் வரிசை

ஹோனிங் பண்ணின சிலிண்டரைச் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்க. பெட்ரோல்ல துடைச்சா மட்டும் அந்தத் துகள் போகாது. வெள்ளைத் துணியால துடைச்சா அழுக்கு ஒட்டக் கூடாது. காய்ஞ்சதும் உடனே ஆயில் பூசுங்க, இல்லைன்னா துரு பிடிக்கும்.

மாட்டுறது கீழே இருந்து மேலே. முதல்ல எக்ஸ்பாண்டர்; அதோட முனைகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம முட்டி நிக்கணும். அப்புறம் தகடுகள். பிறகு இரண்டாவது ரிங், கடைசியா மேல் ரிங். இந்த இரண்டையும் ரிங் எக்ஸ்பாண்டர் கருவியால விரிச்சு மாட்டுங்க. கையால முறுக்கி ஏத்தினா வளைஞ்சுடும். முனைக்குப் பக்கத்துல சின்ன எழுத்தோ புள்ளியோ இருக்கும். அது மேல்பக்கம் பார்க்கணும். கேப்கள் ஒரே கோட்டுல வராம மேனுவல் படத்துல காட்டுற மாதிரி பிரிச்சு வையுங்க.

கனெக்டிங் ராடு போல்ட்டுக்கு ரப்பர் ஹோஸ் துண்டு சொருகினா கிராங்க் கீறாது. ரிங் கம்ப்ரஸரை இறுக்கி, சுத்தியலோட மரக்கைப்பிடியால மெதுவா தட்டுங்க. எங்கேயாவது தடுத்தா நிறுத்திடணும். ரிங் வெளியே எட்டிப் பார்க்குதுன்னு அர்த்தம். அதுக்கு மேல தட்டினா உடையும்.

என் தப்பு

வேன் திரும்பி வந்ததும் மாமா ஸ்பார்க் பிளக் மூணையும் கழட்டினார். இரண்டு சரியா இருந்தது. மூணாவது மட்டும் ஆயில்ல நனைஞ்சு கருப்பா இருந்தது. மறுபடி இறக்கினோம். மூணாவது பிஸ்டன்ல இரண்டாவது ரிங் தலைகீழா இருந்தது. மதியம் சாப்பிட்டு வந்து எழுத்தைப் பார்க்காமலே மாட்டியிருக்கேன். கூர் விளிம்பு மேலே இருந்ததால, பிஸ்டன் ஏறும்போதெல்லாம் ஆயிலை வழிச்சு மேலே கொண்டு போயிருக்கு.

அண்ணனுக்கு நாலு நாள் ஓட்டம் போச்சு. பிள்ளைகளைக் கொண்டுபோய் விட வேற வண்டிக்கு அவரே காசு கொடுத்தார். மாமா லேபர் வாங்கலை, புது ஹெட் கேஸ்கெட்டும் அவர் செலவுதான். என்னைத் திட்டவும் இல்லை. "மாப்ள, நீயே மாட்டு" என்று ரிங்கை என் கையில கொடுத்தார். நான் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி, இந்தத் தடவை பார்த்து மாட்டு" என்று சொல்லிட்டு, வேலை முடியும் வரைக்கும் பக்கத்துலயே நின்னார்.

லேப்ல நாம இன்ஜினைக் கழட்டி, மாட்டி, ரெக்கார்டு எழுதிட்டுப் போயிடறோம். அந்த இன்ஜின் எங்கேயும் ஓடப் போறதில்ல, அதனால தப்பும் தெரியறதில்ல. அடுத்த முறை லேப்ல ரிங் கையில வந்தா, முனைக்குப் பக்கத்துல இருக்கற எழுத்தைத் தேடிப் பாருங்க. நான் இப்பவும் அதை வாய்விட்டுப் படிச்சுட்டுத்தான் மாட்டுறேன்.