சரக்கு வண்டியில் வயர்லெஸ்: ஏரியல் எங்கே இருக்க வேண்டும்?

மலைப்பாதையில் பல வளைவுகளில் செல்போன் எடுப்பதில்லை. அதற்காகவே மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெற்று எங்கள் வண்டிகளில் வயர்லெஸ் வைத்தோம். செட்டை நாலு கடை ஏறி விசாரித்து வாங்கிய நாங்கள், ஏரியலை மட்டும் பொருத்துபவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டோம். அவர் பின்பக்க பம்பரில் மாட்டிவிட்டார். வண்டி மேலே போகும்போது பேச்சு கேட்டது. இறங்கி வரும்போது நின்றுவிட்டது. ஓர் இரவு அச்சு முறிந்து வண்டி நின்ற செய்தி வராமல், பீன்ஸ் லோடில் பாதி வீணாயிற்று.

காரணம் எளிது. ஏரியலுக்குக் கீழே சுற்றிலும் இரும்புத் தகடு வேண்டும். பம்பரில் வைத்தால் வண்டியின் உடம்பே குறுக்கே நின்று மறைக்கும். கூரையின் நடுவே உத்தமமான இடம். 150 மெகாஹெர்ட்ஸ் செட்டுக்குக் கால் அலை நீளக் கம்பி சுமார் 50 சென்டிமீட்டர்தான். புளியமரக் கிளைக்கும் அவ்வளவாக அகப்படாது. கேபினை விட உயரமான இரும்புப் பெட்டி பின்னால் இருந்தால் அதன் மேல் வைப்பதே சரி. பைபர் கூரை உதவாது.

துளையிட்ட இடத்தில் அடிப்புறம் பெயிண்டைச் சுரண்டி உலோகம் உலோகத்தைத் தொடச் செய்யுங்கள். மேலே ரப்பர் வாஷர் போடாவிட்டால் மழைநீர் இறங்கும். கேபிளைக் கதவிடுக்கில் நசுக்க விடாதீர்கள். செட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக, ப்யூஸ் வைத்து எடுக்கவும். ஏரியல் இணைக்காமல் பேசும் பட்டனை அழுத்தினால் செட் கருகிவிடலாம்; இதை டிரைவரிடமும் சொல்லி வையுங்கள். பொருத்தியவர் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்துக் காட்டட்டும். அளவு 1.5-க்குள் இருந்தால் கூலியைக் கொடுக்கலாம்.