பேராசிரியர்களுக்கும் ஒரு வகுப்பறை

அமெரிக்காவில் கல்வித்துறை முனைவர் பட்டம் இரண்டு வகை. ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர்களுக்கு பிஎச்.டி. பள்ளியையோ பள்ளி மாவட்டத்தையோ நிர்வகித்துக்கொண்டே படிப்பவர்களுக்கு எட்.டி. இரண்டாவதை 1921-இல் முதலில் வழங்கியது ஹார்வர்டு. நாளடைவில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாமல் போயிற்று. கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜ் தலைவராக இருந்த ஆர்தர் லெவின், எட்.டி.யையே எடுத்துவிடலாம் என்று 2005-இல் எழுதினார். திருத்திக் காப்பாற்றலாம் என்றார் கார்னெகி அறக்கட்டளைத் தலைவர் லீ ஷுல்மன். அப்படி 2007-இல் தொடங்கியதுதான் ‘கல்வி முனைவர் பட்டத்துக்கான கார்னெகி திட்டம்’. இன்று அதில் 100-க்கும் மேற்பட்ட உயர்கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன.

பாடத்திட்டத்தை மாற்ற ஒரு கமிட்டி உட்கார்ந்தால் போதும். பாடம் நடத்துகிறவர் மாறுவதுதான் பெரும்பாடு. அவர் பெரும்பாலும் பிஎச்.டி. படித்து வந்தவர், தனக்குச் சொல்லித்தந்த மாதிரியிலேயே ஆய்வேடு எழுதவைப்பார். எதிரே இருப்பவரோ, ஒன்பதாம் வகுப்பில் இத்தனை பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்ற கேள்வியோடு வந்திருக்கும் பள்ளி முதல்வர். அந்தச் சிக்கலையே ஆய்வுப்பொருளாக எடுத்து, அந்தப் பள்ளியிலேயே ஒரு தீர்வைச் செய்து பார்க்க அவருக்கு வழிகாட்ட வேண்டும். இந்த வித்தையைப் பேராசிரியர் யாரிடம் போய்க் கற்பது?

இன்னொரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியரிடம்தான். கார்னெகி திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களின் கூட்டங்களில் ‘கிரிட்டிக்கல் ஃபிரெண்ட்ஸ்’ என்றொரு முறை உண்டு. தன் துறையில் சரியாக ஓடாத ஒன்றை, ஒரு பாடமோ ஆய்வேட்டு வடிவமோ, ஒருவர் சிறு குழுவின் முன் வைக்கிறார். மற்றவர்கள் முதலில் விவரம் மட்டும் கேட்கலாம். யோசனை சொல்லக் கூடாது. அடுத்து, துருவிக் கேட்கும் கேள்விகள். அதன்பின் வருவதுதான் கடினமான கட்டம். விஷயத்தை முன்வைத்தவர் குறிப்பெடுத்தபடி பேசாமல் இருக்க, அவர் அந்த அறையிலேயே இல்லாததுபோல மற்றவர்கள் அதை அலசுகிறார்கள். நல்லதையும் சொல்வார்கள், ஓட்டைகளையும் சொல்வார்கள். இடையில் புகுந்து சமாதானம் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. எல்லாம் முடிந்த பிறகே அவர் வாய் திறக்கலாம்.

ஆண்டுக்கணக்கில் பேசியே பழகியவர்களுக்கு இது லேசான காரியமல்ல. எந்தப் பயிற்சிப் பட்டறையையும்விட இந்த மௌனத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன். தன் குறையைத் தானே எடுத்து வைத்து, சக ஆசிரியர் சொல்வதைக் கேட்கப் பழகியவர், நாளை தன் மாணவரான அந்த முதல்வரின் சிக்கலையும் பொறுமையாகக் கேட்பார்.

எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த பாடத்திட்டத்தைத்தான் நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே கிடையாது. பொதுக் கொள்கைகள் ஆறு. அவற்றை வைத்து அவரவர் ஊருக்கும் மாணவருக்கும் ஏற்றதை அவரவர் அமைத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் எண்ணும் நிர்வாகங்கள், ஒரு பாடத்தைச் செப்பனிட ஆசிரியர் செலவிடும் இந்த உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.