கோவைக் கோட்டையைக் குறிவைத்த விருப்பாட்சி

1800ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி, கோயம்புத்தூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தங்கியிருந்த கோட்டையைக் கைப்பற்றப் பாளையக்காரர்களும் அவர்களது கூட்டாளிகளும் நாள் குறித்தனர். 1800-1801 தென்னிந்தியக் கிளர்ச்சியின் தொடக்க மோதல் இதுவே. இந்தக் கிளர்ச்சியையே முதல் விடுதலைப் போர் என்கிறார் வரலாற்றறிஞர் கே. ராஜய்யன். அதற்கான திட்டம் உருவான ஊர், பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள விருப்பாட்சி.

வடக்கே விருப்பாட்சி, கிழக்கே அய்யம்பாளையம், தெற்கே தேவதானப்பட்டி என மலையடிவாரம் முழுதும் அன்று திண்டுக்கல் சீமையில் அடங்கியிருந்தது. பாளையக்காரர்கள் வரி தண்டினர், ஊர்க்காவல் பார்த்தனர், போர் என்றால் ஆள் திரட்டினர். படை துரத்தினால் காட்டுக்குள் மறையவும், மறுபுறம் இறங்கவும் மலை இடம் கொடுத்தது. 1772இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார் அடைக்கலம் தேடி வந்ததும் விருப்பாட்சிக்குத்தான். மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியின் படையுதவியோடு அவர் 1780இல் சிவகங்கையை மீட்கும்வரை, விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவருக்குத் துணைநின்றார்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை மைசூர் மன்னர் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு மாறியது. கலெக்டர்கள் நிலத்தை அளந்து வரியைத் திருத்தினர். பாளையக்காரர்களின் காவல் உரிமையும் வருமானமும் சுருங்கின. குடியானவர்கள்மீது வரிச்சுமை ஏறியது. 1799 மே மாதம் திப்பு வீழ்ந்ததும் கோயம்புத்தூரும் கம்பெனியின் வசமானது. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தனித்தனியாக எதிர்த்தால் ஒவ்வொரு பாளையமாக அழியும் என்பதை இந்த நிகழ்வுகள் உணர்த்தின.

கோபால நாயக்கர், மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூஜை நாயக்கர் முதலியோரை ஒன்றுசேர்த்தார். இதுவே திண்டுக்கல் கூட்டமைப்பு. சிவகங்கை மருது சகோதரர்கள், மலபாரின் கேரள வர்மா, மைசூர்ப் பகுதியின் கிருஷ்ணப்ப நாயக்கர், துங்கபத்திரைக் கரையில் குதிரைப்படையோடு போரிட்ட தூந்தாஜி வாக் ஆகியோருடனும் தொடர்பு ஏற்பட்டது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், மராத்தி எனப் பல மொழி பேசியவர்களும், இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே எதிரிக்கு எதிராகக் கைகோத்தனர். 1800 ஏப்ரலில் விருப்பாட்சியில் கூடிய தலைவர்கள், முதலில் தாக்க வேண்டியது கோயம்புத்தூரையே என்று முடிவு செய்தனர்.

அந்த முடிவுக்குத் தெளிவான காரணம் இருந்தது. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் உள்ள கோவை, மலபார், மைசூர், மதுரைச் சீமைகளுக்கான வழிகள் சந்திக்கும் இடம். அதைப் பிடித்தால் கம்பெனிப் படைகள் ஒன்றுக்கொன்று உதவ முடியாது. கிளர்ச்சியாளர்களோ எளிதில் இணைந்துவிடலாம். கம்பெனியின் படைத்தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி அப்போது தூந்தாஜியைத் துரத்தி வடக்கே படை நடத்திக்கொண்டிருந்தார். மொகரம் பண்டிகையின் முக்கிய நாளான ஜூன் 3, திடீர்த் தாக்குதலுக்கு ஏற்ற நாளாகக் கருதப்பட்டது.

ஆனால் திட்டம் முன்கூட்டியே வெளியில் கசிந்தது. எச்சரிக்கையடைந்த கம்பெனிப் படை முந்திக்கொண்டு தாக்கியது. பல திசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கோட்டையைச் சூழ்வது என்ற ஏற்பாடு குலைந்தது, கோட்டை வீழவில்லை. பிடிபட்ட பலர் கோயம்புத்தூர், தாராபுரம், சத்தியமங்கலம் வட்டாரங்களில் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பர் 10 அன்று வெல்லெஸ்லியின் படையோடு மோதிய தூந்தாஜி போர்க்களத்தில் மாண்டார். வடக்கிலிருந்து வரக்கூடிய உதவி அத்தோடு அற்றுப்போனது.

இருந்தும் கிளர்ச்சி அடங்கவில்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். ஜூன் மாதம் மருது சகோதரர்கள் வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிவிப்பு, எல்லாச் சாதியினரையும் சமயத்தாரையும் கம்பெனிக்கு எதிராகத் திரளுமாறு அழைத்தது. கோபால நாயக்கர் ஆனைமலைப் பகுதியிலிருந்து போரைத் தொடர்ந்தார். அங்குள்ள உழவர்கள் அவருக்கு ஆதரவு அளித்தனர். 1801இல் அவரும் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூரிலும், நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் கொல்லப்பட்டனர். கிளர்ச்சியாளர்கள் 73 பேர் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

கோவைத் தாக்குதல் தோற்றதற்குக் காரணம் வீரக்குறைவு அல்ல. தொலைவில் பிரிந்து கிடந்த அணிகள் ஒரே நாளில் கூட வேண்டியிருந்தது. இரகசியம் காக்க முடியவில்லை. கம்பெனியின் பயிற்சி பெற்ற படை விரைந்து நகர்ந்தது. ஆனாலும் சொந்தப் பாளையத்தின் எல்லையைத் தாண்டி, தென்னாடு முழுவதையும் ஒரே போர்க்களமாகக் கண்ட திட்டம் அது. 1857 பெருங்கிளர்ச்சிக்கு 57 ஆண்டுகள் முன்பே அத்தகைய கூட்டணியை அமைத்துக் காட்டியதில்தான் விருப்பாட்சியின் வரலாற்றுப் பெருமை இருக்கிறது.